மரூங்காவின் சோளக்கரை

மரூங்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். தியாரபின் ஆற்றின் இந்தக் கரையில் நின்று அவள் திட்டினால் அந்தக் கரையில் வாத்து பறக்கும். செத்தவர் பெயரைச் சொல்வது எங்கள் ஆதிகுடிக்கு ஆகாது. ஆனால் அவள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, சொல்லலாம்.

கரையோரக் கிழங்குப் படுகை அவளுக்கு அம்மா வழி வந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் அதைக் கிழங்கோடு புரட்டிப்போட்டு மக்காச்சோளம் விதைத்தான். கிழங்குதான் போச்சே, இனி சோளத்தைத் தின்போம் என்று மரூங்கா பட்டப்பகலில் வலைப்பையோடு போய் ஒடித்துக்கொண்டு வந்தாள்.

"திருடின்னு சுட்டுடுவானுங்கக்கா," என்றாள் பக்கத்துக் குடில்காரி.

"யாருடி திருடி? மண்ணு என்னுது. அவன் வந்து எங்கிட்டல்ல கேட்டிருக்கணும்!"

அந்தச் சோளத்துக்காக எங்கள் ஆட்கள் பலரைச் சுட்டார்கள். அநியாயம், வேறென்ன சொல்ல?

ஒருநாள் காலை பாறைமேட்டிலிருந்து பார்த்தாள். சோளத்துக்குள் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு பதுங்கியிருந்தார்கள். கீழே, சோளத்தை ஒட்டி ஆற்றுக்குப் போகும் பாதையில், அவளுடைய மருமகன் பிதேரி தோளில் பேத்தியைச் சுமந்து வந்துகொண்டிருந்தான். மரூங்கா விழுந்தடித்துப் பாதைக்கு இறங்கினாள்.

எங்களில் மாமியாரும் மருமகனும் முகம் பார்ப்பதில்லை, பேசுவதுமில்லை. அவளைக் கண்டதும் பிதேரி பதறி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்கு வழிவிடச் சோளத்துக்குள் இறங்கப் போனான். ஐயோ, மரியாதையே உயிரை வாங்கிவிடும் போலிருந்தது!

மரூங்கா அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னாலேயே வந்த தன் நாயைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ கூறுகெட்ட நாயே! சோளத்துக்குள்ளயா போற? உள்ள சிவப்புச் சட்டைக்காரனுங்க துப்பாக்கியோட குந்தியிருக்கானுங்க! குட்டியத் தூக்கிக்கிட்டு மலைக்கு ஓடு! திரும்பிப் பாக்காத!"

பிதேரிக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தான்.

சிப்பாய்களுக்கு எங்கள் பேச்சு தெரியாது. யாரோ கிழவி நாயைத் திட்டுகிறாள் என்று சிரித்தார்கள். ஓடுகிறவனைக் கண்ட பிறகுதான் எழுந்து வந்தார்கள். மரூங்கா பாதையை மறித்து நின்றாள்.

"டேய் வெளுத்த பசங்களா! எங்கடா என் கிழங்கு? முறைச்சிக்கிட்டு நிக்காம மண்ணை வச்சிட்டுப் போங்கடா!"

அந்தக் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்க, பிதேரி நிற்காமல் ஓடினான். பிறகு துப்பாக்கி வெடித்தது. குரல் நின்றபோது அவன் பிள்ளையோடு மலையேறிவிட்டிருந்தான்.

அந்தப் பேத்தி வயிற்றில் பிறந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். இன்னும் இந்தக் கரையில்தான் இருக்கிறோம்.