இழுக்காமல் நின்ற வண்டியும் என் கோப ஜெபமும்

நான் அழுதுகொண்டே ஜெபிக்கவில்லை. சண்டை போட்டுத்தான் ஜெபித்தேன். சபையில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் கண்ணீரோடு முழங்காலில் நின்றதாகச் சொல்வார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வருஷம் ஐப்பசியில், பெருந்துறைக்கு முன்னால் ஒரு மேம்பாலத்து ஏற்றத்தில் என் வண்டி நின்றது. வண்டி என்னுடையது இல்லை, பழனிச்சாமி அண்ணனுடையது. பொள்ளாச்சி பக்கத்தில் தேங்காய் நார்த்தூள் கம்பெனி வைத்திருக்கிறார். முழங்கால் ஆபரேஷன் ஆனவர், கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் ஆட்டோமேட்டிக் கியர் பிக்கப் வாங்கினார். நான் ஓமனில் அந்த மாதிரி வண்டி ஓட்டியவன் என்று கேள்விப்பட்டு என்னை வைத்துக்கொண்டார். நாற்றுப் பண்ணைகளில் மண்ணுக்குப் பதிலாகப் போடும் நார்த்தூள் கட்டிகளை ஏற்றிப் போவேன். திரும்பும்போது காலி நாற்றுத் தட்டுகளை எடுத்து வருவேன்.

அன்றைக்கு ஏற்றத்தில் பாதி போனதும் இன்ஜின் கத்தியது. வண்டி நகரவில்லை. மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் ஏறியது, சக்கரத்துக்கு ஒன்றும் வரவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். ஓரமாகப் பின்னுக்கு உருட்டி நிறுத்தினேன். கொஞ்ச நேரம் ஆறவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை. இன்ஜின் சூடு காட்டும் முள் நடுவில்தான் நின்றது. ஆற ஆற விட்டு, கெஞ்சிக் கெஞ்சி, கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

அங்கே ஃபோர்மேன் கம்ப்யூட்டரை மாட்டினார். கியர் ஆயில் சூடாகிறது என்று அது காட்டியது. கொஞ்சம் ஆயில் எடுத்து மோந்து பார்த்தார். கருகின வாசனை.

"கியர் பாக்ஸ் போச்சுங்க. உள்ளே கிளட்ச் தட்டெல்லாம் எரிஞ்சிருக்கு. லோடோட இறக்கத்துல நியூட்ரல் போட்டு உட்டிருப்பாருங்க டிரைவர். டீசல் மிச்சம் பண்றாங்களாமா" என்று பழனிச்சாமி அண்ணனிடம் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

"நான் அப்படி ஓட்டறதில்லை சார். வண்டியைக் கழட்டிப் பார்த்தீங்களா?" என்றேன்.

"கழட்டி வேற பார்க்கணுமா? வாசமே சொல்லுதேப்பா."

ஆயில் கருகியிருக்கிறது, சரி. ஏன் கருகியது என்று ஒரு ஆள் குனிந்து பார்க்கவில்லை. வேறு பாக்ஸ் வடக்கேயிருந்து வரவேண்டும், வரும்வரை வண்டி உங்கள் இடத்திலேயே நிற்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

கம்பெனிக்கு வந்ததும் நார் காயப்போடும் களத்தில், வேலையாட்கள் எல்லார் முன்னாலும் அண்ணன் கையை நீட்டினார்.

"லைசென்ஸைக் குடுங்க தங்கராஜ். கோவிச்சுக்காதீங்க. பாக்ஸ் வந்து மாட்டி, இது யார் தப்புன்னு முடிவாகட்டும். அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டுமுங்க. நீங்க ஊர் ஊராப் போற ஆளு, நாளைக்கு உங்களை எங்கீங்க தேடறது?"

எங்கள் தூத்துக்குடிப் பக்கமாக இருந்தால் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு விடுவார்கள். அது உறைக்காது. இங்கே திருடன் என்று சொல்வதையும் 'ங்க' போட்டு மரியாதையாகச் சொல்கிறார்கள். அது எலும்பு வரைக்கும் போகிறது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். என்னிடம் வேறு சான்றிதழ் கிடையாது. அந்த அட்டை இருந்தால் எந்த ஊரிலும் சாப்பாடு உண்டு, இல்லையென்றால் நான் யாருமில்லை. மனசு கசந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதுதான் என் பழக்கம். எத்தனை கம்பெனி, எத்தனை ஊர். சபைகளையும் அப்படித்தான் விட்டு வந்திருக்கிறேன். இந்த முறை கிளம்ப முடியவில்லை. கட்டிப்போட்ட மாடு மாதிரி களத்து ஓரத்து அறையில் கிடந்தேன்.

வேலையாட்கள் சும்மா இருப்பார்களா? "ஏனுங்க டிரைவர், நாங்க தள்ளி உடட்டுமா, பெருந்துறை போயிட்டு வாரீங்களா?" என்று ஒரு அம்மணி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்தேன். பொறுக்க முடியாதது நம் சபையில் நடந்தது. இதை உங்கள் முன்னால் சொல்லத்தான் வேண்டும், மறைத்தால் சாட்சி பொய்யாகிவிடும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஜெபக் குறிப்பு சொன்னேன். நம் எஸ்தர் அக்கா, எல்லார் காதிலும் விழும்படி, "தம்பி, மறைவான பாவம் ஏதாவது இருக்குதான்னு ஆராய்ஞ்சு பாருங்க. காரணமில்லாம கர்த்தர் வண்டியை நிறுத்த மாட்டாருங்க" என்றார்கள். பாஸ்டரும் தலையை ஆட்டினார். சிலர் என்னை இரக்கமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை ஃபோர்மேன் பார்க்காமல் போனதைவிட மோசம். அவர் ஆயிலையாவது மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார். நீங்கள் எதைப் பார்த்துச் சொன்னீர்கள்? அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை, இப்போது கேட்கிறேன்.

அந்த வாரம் முழுக்க மழை. விட்டு விட்டுப் பெய்தது. கொட்டகை நிறைய நார்க்கட்டி இருந்ததால் வண்டிக்குப் பாதி இடம்தான் கிடைத்தது. பின்பக்கம் கூரைக்கு உள்ளே, முன்பக்கம் மழையில். ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் குடையில்லாமல் போய் வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சத்தமாகவே பேசினேன்.

"ஆண்டவரே, நான் செய்யாததை நான் செய்தேன் என்கிறார்கள். உமக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறீர். உம்முடைய ஜனங்களே என்னைப் பாவி என்கிறார்கள். நான் எழுந்து போகவும் வழியில்லை. நீர் நியாயமுள்ளவர் என்றால் இந்த வண்டியில் என்ன கோளாறு என்று காட்டும். பாக்ஸ் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், கோளாறைக் காட்டும்!"

ஆமென் கூடச் சொல்லவில்லை. அவ்வளவு ஆத்திரம். முறைத்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் என் கண்ணுக்கு நேரே, வண்டியின் முன் சல்லடைக்கு உள்ளே, கீழ் மூலையில் பச்சையாக ஒன்று தெரிந்தது. ஒட்டின இலையோ என்று விரலை விட்டு இழுத்தேன். வரவில்லை. வேர் விட்டிருந்தது. தக்காளி நாற்று. ரெண்டு இலை, மெல்லிய தண்டு. இழுத்ததும் கருத்த ஈரக்கட்டி ஒன்று அடையாக அதோடு பெயர்ந்து வந்தது.

நார்த்தூள்!

சல்லடையைக் கழட்டினேன். ரேடியேட்டருக்கு முன்னால், கீழே, கியர் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் இருக்கிறது. காற்று அதன் தகடுகளுக்குள் புகுந்து போகவேண்டும். அங்கே தகடே தெரியவில்லை. வறட்டி தட்டினது மாதிரி நார்த்தூள் அடைத்திருந்தது. மேலே ரேடியேட்டர் சுத்தமாக இருந்ததால் இன்ஜின் முள் ஏறவில்லை, யாரும் முன்னால் பார்க்கவுமில்லை. காற்றுப் படாமல் கியர் ஆயில் கொதித்திருக்கிறது. கொதித்தால் வண்டி இழுக்காது, ஆறினால் இழுக்கும்.

தூள் எப்படி அங்கே இறுகியது? வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்க வேண்டும் என்பது அண்ணன் வீட்டு வழக்கம். அதை வேறு யாரையும் தொடவிட மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரை எடுத்து, முன்பக்கமாக நின்று தானே பீய்ச்சுவார். அவர் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் களத்தில் பறக்கும் தூள் வாரம் முழுக்கப் படிய, வெள்ளிக்கிழமை தண்ணீர் அதை உள்ளே அடித்து இறுக்கியிருக்கிறது. தண்ணீர் பட்டால் நார்த்தூள் ஊதும் என்பது அவர் வியாபாரமே. அதைச் சொல்லித்தான் அவர் ஊரெல்லாம் விற்கிறார்!

நாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"என்னங்க இது, செடி?"

"உங்க வண்டியில முளைச்சதுங்கண்ணா. வந்து பாருங்க."

"செடி மொளைச்சா கியர் இழுக்காதுங்களா?" என்று சிரித்துக்கொண்டேதான் வந்தார். குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. அவரே விரலால் சுரண்டினார், நகத்துக்குள் கருப்பாக ஏறியது. பிறகு ஃபோர்மேனுக்குப் போன் போட்டார்.

கூலரைக் கழட்டி, உள்பக்கமிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்தோம். ஃபோர்மேன் வந்து புது ஆயில் ஊற்றினார். கிளட்ச் தட்டுகள் முழுக்க எரிந்திருந்தால் இதெல்லாம் வீண், ஏற்றத்தில் தெரிந்துவிடும் என்றார். நியாயமான பேச்சு. லோடு ஏற்றிக்கொண்டு ஆழியாறு தாண்டி வால்பாறை மலைக்குப் போனோம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்ட மாட்டேன் என்றேன். அண்ணன் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன். ஃபோர்மேன் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆயில் சூட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். சூடு ஏறவில்லை. வண்டி யானை மாதிரி இழுத்தது. மேலே வரையாடு மேய்கிற இடத்தில் நிறுத்தினோம்.

"கூலராத்தான் இருக்கும்னு மொதல்லயே ஒரு சந்தேகமுங்க" என்றார் ஃபோர்மேன்.

"அப்ப எதுக்குங்க என்னைக் குத்தம் சொன்னீங்க?" என்று கேட்டேன். மலையைப் பார்த்தார்.

நான் அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டேன். களத்தில் எல்லார் முன்னாலும் லைசென்ஸை வாங்கினீர்கள், அவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள் என்றேன். மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் அவர் எல்லாரையும் கூப்பிட்டார். "தங்கராஜ் மேல தப்பில்லைங்க. நாந்தான் தண்ணியடிச்சு அடைச்சுப்போட்டேன்" என்றார். தள்ளிவிடட்டுமா என்று கேட்ட அம்மணி, "அண்ணனையே ஒரு வெள்ளிக்கிழமை நிக்கவெச்சுக் கழுவோணும்" என்றாள். அண்ணன்தான் முதலில் சிரித்தார்.

பாக்ஸ் உடனே வந்திருந்தால் பழையதைத் தூக்கிப்போட்டு, அடைத்த கூலரோடு புதியதையும் எரித்திருப்பார்கள், பழி என்மேலேயே நின்றிருக்கும். பாக்ஸ் தாமதமானது. மழை நிற்கவில்லை. நாற்றுத் தட்டிலிருந்து விழுந்த ஒரு விதை, எண்ணெயும் தகரமும் உள்ள இடத்தில், முளைக்க நேரம் எடுத்தது. அந்த நாட்களைத்தான் கர்த்தர் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்துக் கோபித்தேன். அதற்காக அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, அவரும் கேட்கச் சொன்னதாகத் தெரியவில்லை. நன்றிதான் சொன்னேன். இன்னும் சொல்கிறேன்.

லைசென்ஸ் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. கிளம்பியிருக்கலாம், கிளம்பவில்லை. கோபம் வந்தால் ஊரைவிட்டுப் போகிறவன், இப்போது கோபம் வந்தால் ஜெபத்துக்குப் போகிறேன். எஸ்தர் அக்காவும் வந்து, "அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டேன் தம்பி" என்றார்கள். ஏற்றுக்கொண்டேன்.

பிரியமானவர்களே, கஷ்டத்தோடு ஒருவன் உங்கள் முன்னால் வந்து நின்றால் அவன் பாவத்தைத் தேடாதீர்கள். அவனோடு குனிந்து, என்ன உடைந்திருக்கிறது என்று பாருங்கள். இங்கே யாராவது இன்றைக்கு என்னைப்போல் அநியாயமாகப் பழி சுமந்து உட்கார்ந்திருந்தால் உங்களுக்குச் சொல்கிறேன். அழகான ஜெபம் வரவில்லையா, பரவாயில்லை. கத்துங்கள், அவரிடமே கத்துங்கள். எழுந்து மட்டும் போய்விடாதீர்கள்.