உபவாசத்தால் கெட்ட இன்சூரன்ஸ்

ஆலயத்தில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கே ஐயர் அப்பமும் ரசமுமான திருவிருந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். மற்றவர்களெல்லாம் வரிசையாகப் போய், பீடத்துக்கு முன்னால் உள்ள மரத்தடுப்பை ஒட்டி முழங்காலிட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். எழுந்து வர முடியாதவர்களை மட்டும் ஐயர் பெஞ்சுக்கே தேடி வருவார். அப்படிப் பெஞ்சிலேயே வாங்கியவர்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அடுத்த வருஷம் அந்தப் பெஞ்சில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு அப்போது வயது அறுபத்தாறு. காலமெல்லாம் கணக்கு டீச்சராக நின்றுகொண்டே பாடம் எடுத்த முட்டி, நான் ஓய்வு பெற்றதும் தானும் ஓய்வு பெற்றுவிட்டது. எடையும் ஏறியிருந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, முட்டியை மாற்றலாம், ஆனால் இந்த எடையில் கத்தி வைக்க மாட்டேன் என்றார். வாராவாரம் வயிற்றில் போட்டுக்கொள்ளும் புது ஊசி வந்திருக்கிறது, போட்டால் பசி அடங்கும், எடை இறங்கும் என்று சர்க்கரை டாக்டரிடம் அனுப்பினார். ஊசியின் விலையைக் கேட்டதும் எனக்கு அங்கேயே பசி அடங்கிவிட்டது.

பென்ஷன்காரர்களுக்கான இன்சூரன்ஸ் அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேஜைக்குப் போனேன். அங்கே இருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். எனக்கு இன்னும் டீச்சர் முகம்தான் போல.

“ஆப்பரேஷன்னா அட்டையில வரும் டீச்சர். படுக்கையில சேரணும். வீட்டுல இருந்து போடுத ஊசிக்குக் கிடையாது” என்றான்.

“அந்த ஊசியப் போட்டாத்தானப்பா ஆப்பரேஷனே.”

“வாஸ்தவந்தான். ஆனா எடை குறைக்கிற மருந்தையெல்லாம் அழகு சிகிச்சைன்னு ஒதுக்கி வச்சிருக்காவ.”

என் கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. அவர் என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு, “அந்தக் காலமெல்லாம் தாண்டிப்போச்சு வே” என்று அந்தப் பையனிடம் சொன்னார். அன்று சாயங்காலம் அவருக்கு வீட்டில் காப்பி கிடைக்கவில்லை.

இந்த மாதிரி ஊசிக்குப் பணம் கொடுக்கிற பாலிசி லேசில் அகப்படாது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள்தான் வழி கண்டுபிடித்தாள். அவள் கம்பெனி எடுத்திருந்த இன்சூரன்ஸில் பெற்றோரையும் சேர்க்கலாமாம். ஆஸ்பத்திரியில் படுக்காமல் வாங்கும் மருந்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டாம். போனில் நிபந்தனைகளை வாசித்தாள். உயரத்துக்குத் தக்க எடை என்று ஒரு கணக்கு, அதில் வரம்புக்கு மேல் இருக்க வேண்டும். எடையோடு ஒட்டிய நோய் ஒன்றாவது இருக்க வேண்டும். நடையும் பத்தியமும் பார்த்துத் தோற்றாயிற்று என்று டாக்டர் சொல்ல வேண்டும். கடைசியில் அவர்கள் சொல்லும் கிளினிக்கில் போய் எடை பார்க்க வேண்டும்.

“ஒனக்கு எல்லாமே இருக்கும்மா” என்றாள் மகள், நான் பரீட்சையில் பாஸானது போல.

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரம்பைத் தாண்டித்தான் இருந்தேன், ஒரு தேங்காய் எடை அளவுக்கு.

இதை என்னோடு வைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. சபையின் பெண்கள் ஐக்கியத்தில் போய்ச் சொன்னேன். எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் காதில் விழுந்த காரியம் எதுவும் ஜெபத்துக்கு வராமல் போகாது. பிள்ளை வரம், துபாய் விசா, பட்டா மாறுதல், கறவை மாட்டு லோன் என்று எதையும் விட மாட்டார்கள். ஐயரின் மனைவியை ஐயரம்மா என்போம். அவர் உடனே எழுந்து, “டீச்சரோட இன்சூரன்ஸுக்காவ மூணு நாளு உபவாச ஜெபம் வைப்போம்” என்று அறிவித்துவிட்டார். எல்லாரும் ஆமென் என்றார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கழித்தல் சொல்லிக் கொடுத்த நானும், அந்த ஒரு கழித்தலைப் போட்டுப் பார்க்காமல் ஆமென் சொன்னேன்.

மற்றவர்கள் சாயங்கால ஜெபம் முடிந்ததும் டீயும் பருப்புவடையும் சாப்பிட்டு அன்றைய உபவாசத்தை முடித்துக்கொண்டார்கள். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்த ஒரு அக்கா மதியமே தூணுக்குப் பின்னால் நின்று வாழைப்பழம் உரித்தார். ஆனால் என் காரியத்துக்காக ஊரே பட்டினி கிடக்க, நான் வடை தின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தண்ணீரும் இளநீருமாக மூன்று நாளும் இருந்துவிட்டேன்.

“பைய ஒரு தோசையாவது தின்னுளா. ஆண்டவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்றார் என் கணவர், தன் ஐந்தாவது தோசையைப் பிட்டுக்கொண்டே.

“விசுவாசத்தக் கெடுக்காதிய” என்றேன்.

உபவாசம் முடிந்த மறுநாள் காலை வண்ணார்பேட்டையில் அந்தக் கிளினிக். நர்ஸ் பெண் செருப்பைக் கழற்றச் சொன்னாள், கைப்பையை வாங்கிக்கொண்டாள். கடைசியில் நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்த பெரிய எழுத்து வேதாகமத்தையும் வாங்கி மேஜையில் வைத்தாள். எடை பார்த்தாள், உயரம் பார்த்தாள், உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தாள்.

“சந்தோஷமான விஷயம்மா. நீங்க வரம்புக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கிய. ஒங்களுக்கு இந்த ஊசி இல்ல.”

அந்த வேதாகமத்தோடு நிற்க விட்டிருந்தால் நிச்சயம் பாஸாகியிருப்பேன்.

எலும்பு டாக்டருக்கு நான் இன்னும் பருமன். இன்சூரன்ஸுக்கோ மெலிந்தவள். ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி எத்தனை திருவிருந்து வந்தாலும் ஐயர் என் பெஞ்சைத் தேடித்தான் வருவார் என்று நினைக்கவே தாங்கவில்லை. என் கணவர் சமாதானம் சொல்லத் தெரியாத மனிதர். “ஜெபம் கேக்கப்பட்டுட்டுளா. ஐக்கியத்துப் பொம்பளையதான் கொஞ்சம் கூடுதலாக் கேட்டுட்டாவ” என்றார்.

சில வாரம் கழித்து மறுபடி எடை பார்க்க வரலாம் என்று மகளின் கம்பெனி சொன்னது. செய்தி ஐக்கியத்துக்குப் போனது. பெண்களுக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. பட்டினி போட்டுக் கெடுத்ததைப் பந்தி போட்டுச் சரிக்கட்டுவது என்று தீர்மானம் ஆயிற்று. விடிந்தால் முந்திரிக்கொத்து, மதியம் மீன் குழம்பு, சாயங்காலம் சாத்தான்குளத்திலிருந்து ஒருத்தி கருப்பட்டி மிட்டாய். ஐயரம்மா நெய்ச்சோற்றோடு வந்து, நான் முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு கிறிஸ்தவ சபை கூடி நின்று ஒரு கிழவியைக் கொழுக்க வைத்ததை நான் கேள்விப்பட்டதே இல்லை.

அதற்குள் அசனப் பண்டிகையும் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை சபை முழுவதும் வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும் விருந்து அது. கறிவாளியோடு வந்தவர்கள் எல்லாரும் என் இலையில் நின்றார்கள். “டீச்சருக்கு இன்னும் ரெண்டு கரண்டி போடு, இன்சூரன்ஸ்” என்று பந்தியின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்கு மனசாட்சி உறுத்தியது. எதிர் வரிசையில் இருந்த ஐயரிடமே கேட்டுவிட்டேன்.

“ஐயரே, இது பொய் சொல்லுததுல சேராதா?”

அவர் கையில் இருந்த எலும்பை வைக்காமலே யோசித்தார். “பட்டினி கெடந்து காட்டின எடைதான் பொய் டீச்சர். இது ஒங்க சொந்த எடை” என்றார்.

இந்தத் தடவை தராசு என்னை ஏற்றுக்கொண்டது. ஊசிச் செலவில் பெரும்பங்கு கம்பெனியுடையது, மீதி எங்களுடையது என்று அனுமதி வந்தது. ஐக்கியத்துப் பெண்கள் ஸ்தோத்திர ஜெபம் வைத்து, அண்டா நிறையப் பிரியாணி கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் முதல் ஊசி போட்டிருந்தேன். மூடியைத் திறந்ததுமே எனக்கு ஓங்கரித்தது. ஆசையாக இரண்டு பருக்கையை வாயில் போட்டுப் பார்த்தேன், இறங்கவில்லை. என் கணவர்தான் இரண்டு நாள் உட்கார்ந்து தீர்த்தார். அவர் ஒரு சுற்றுக்கூடப் பெருக்கவில்லை.

மாதங்கள் போகப் போக, ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடக்க முடிந்தது. முட்டி வலித்தது, ஆனால் முன்போலக் கத்தவில்லை. எலும்பு டாக்டர் எடையைப் பார்த்து மகிழ்ந்துபோய் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தார்.

“அட்டையிலேயே முடிஞ்சிரும்மா. அப்புறம் நல்லா நடக்கலாம், மாடி ஏறலாம். தரையில சம்மணம் போட்டு உக்காராதீங்க. முழங்கால் மட்டும் போடவே போடாதீங்க.”

“எதப் போடக்கூடாது?”

“முழங்கால். ஜெபமெல்லாம் நாற்காலியில இருந்து பண்ணிக்கங்க.”

நான் எதற்காக முட்டியை மாற்ற வந்தேன் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முட்டியை மாற்ற வருகிறவர்கள் நடக்கத்தான் வருவார்கள் என்று அவர் நினைத்தது நியாயம்தானே. அறையை விட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. என் கணவர் போய்க் காப்பி வாங்கி வந்து கொடுத்தார்.

ஆப்பரேஷனுக்கு முந்தின ஞாயிறு திருவிருந்து ஆராதனை. ஐயர் என் பெஞ்சைப் பார்த்துத் திரும்புவதற்குள் நான் எழுந்துவிட்டேன். வரிசையில் போனேன். மரத்தடுப்பைப் பிடித்துக்கொண்டு பைய இறங்கினேன். வலியில் உயிர் போயிற்று, ஆனால் முட்டி இடம் கொடுத்தது. இரண்டு முழங்காலும் தடுப்பின் அடியில் போட்டிருந்த மெத்தையில் பதிந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்தக் கம்பெனியிடமும் கேட்டு வாங்க முடியாது. ஐயர் குனிந்து அப்பத்தைக் கையில் வைத்தார், கிண்ணத்தைக் கொடுத்தார். ஆசீர்வாதம் சொல்லி எங்கள் வரிசையை அனுப்பினார்.

எல்லாரும் எழுந்து போனார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

தடுப்பைப் பிடித்து உன்னிப் பார்த்தேன், அசையவில்லை. அதற்குள் அடுத்த வரிசை வந்து எனக்கு இரண்டு பக்கமும் முழங்காலிட்டுவிட்டது. வலப்பக்கம் ஐயரம்மா, இடப்பக்கம் வாழைப்பழத்து அக்கா. ஐயர் கோடியிலிருந்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். இப்போதுதான் வாங்கினவள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், பிறகு மறுபடியும் அப்பத்தை என் கையில் வைத்தார்.

ஆசீர்வாதம் முடிந்ததும் ஐயரம்மா ஒரு கக்கத்திலும் அந்த அக்கா மறு கக்கத்திலும் கை கொடுத்தார்கள். போன வருஷமாக இருந்தால் நாலு பேர் வந்திருக்க வேண்டும். அன்றைக்கு என்னைத் தூக்கி நிறுத்த அவர்கள் இரண்டு பேரே போதுமாயிருந்தது.