கதவுப் பக்கச் சுவர்

எங்கள் பயிற்சிப் பிரிவில் அக்காவுக்குப் படக்காரம்மா என்றுதான் பெயர். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத தொழிலாளர்களுக்குப் படம் வரைந்தே வேலை கற்றுக்கொடுப்பவர். வரைந்ததை முதலில் வாட்ச்மேனிடம் காட்டி, “என்ன புரியுது?” என்பார். அவர் தலையைச் சொறிந்தால் தாளைக் கிழித்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டுகிறவன் நான்தானே.

பேட்டரிப் பட்டறைக்கு அவர் வரைந்தது இரண்டே கட்டம். இடப்பக்கம், தொட்டியில் தண்ணீர் ஊற்றும் கை. வலப்பக்கம், அதே தொட்டியில் அமிலத்தை மெல்ல ஊற்றும் கை. முறை மாறினால் அமிலம் கொதித்து முகத்தில் தெறிக்கும். தொட்டிக்கு எதிரே ஒட்டச் சொன்னார். அந்தச் சுவரில் ஈரம், பசை நிற்கவில்லை. சோம்பல்பட்டு, கதவுப் பக்கச் சுவரில் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அங்கே உள்ளே நுழைகிறவன் வலக்கட்டத்தைத்தான் முதலில் கடப்பான். பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் என்றால் இடமிருந்து பார்த்திருப்பான். அன்று வேலைக்குச் சேர்ந்தவன் மிதித்ததே இல்லை. நடந்து வந்த வழியிலேயே பார்த்தான்: முதலில் அமிலம், பிறகு தண்ணீர். இரண்டு கண்ணும் போய்விட்டன.

விசாரணையில், “தப்பு என் படத்துலதான்” என்று அக்கா முடித்துவிட்டார். நான் வாயே திறக்கவில்லை. அதன்பிறகு எந்த அறைக்குப் போனாலும் அவர் கண் கதவு எந்தப் பக்கம் என்றுதான் தேடும். பேச்சின் நடுவே நிறுத்தி, “யாரோ கத்தின மாதிரி இல்ல?” என்பார். எனக்கும் கேட்கும். இல்லை என்று சொல்லிவிடுவேன்.

எட்டு மாதம் தூரிகையைத் தொடாதவர், ஒருநாள் அமிலக் கேனின் மூடிமேலேயே படம் வரைந்தார். அதை எடுத்துக்கொண்டு, கண் போனவன் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவியும் படிக்காதவள். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தொட்டியில தண்ணி இருக்கு. இருந்தாத்தான் இதத் தொறக்கணும். அதானேக்கா?”

அக்கா அழுதுவிட்டார். அவன் மூடியை வாங்கி விரலால் தடவினான்.

“அக்கா, அந்தப் படத்தக் கதவுகிட்ட ஒட்டினது யாரு?”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “யாரு ஒட்டினா என்னப்பா? எந்தச் சுவத்துல இருந்தாலும் புரியற மாதிரி நான் வரைஞ்சிருக்கணும்.”

“ரெண்டு பேரு செருப்புச் சத்தம் கேட்டுச்சே. கூட யாரு?”

“ஆபீஸ்ல வேலை செய்யற தம்பி.”

“நின்னுக்கிட்டா இருக்காரு? உக்காருங்க தம்பி” என்று நான் இல்லாத பக்கம் பார்த்துச் சொல்லி, நாற்காலியைத் தடவி நகர்த்தினான்.

நான் உட்கார்ந்தேன்.