டிப்ளமோ ப்ராஜெக்டுக்காக டவர் அடியில் பத்து நாள்

1. நான் எழுதிய கடிதம்

ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றேன். எம்.பி.ஏ. படித்ததால்தான் அந்த உயரத்துக்கு வந்தேன் என்று என் வீட்டுக்காரர் எங்கள் சபைப் பிள்ளைகளிடம் சொல்லுவார். அவர் சொல்வது பாதிதான் சரி. என்னை உருப்படியாக்கியது அதற்கு முன்னால் படித்த ஓராண்டு பிசினஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமோ. அதைச் சொல்ல வேண்டுமானால், நான் எழுதிய ஒரு கடிதத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்போது நான் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். டெக்னீஷியன்கள் தங்களுக்கு வேண்டிய சாமானைச் சீட்டில் எழுதி, இரண்டு கையெழுத்து வாங்கி என் ஜன்னலில் நீட்ட வேண்டும். அந்தச் சீட்டுக்கு இண்டென்ட் என்று பெயர். இரண்டில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். மாலை ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்துவேன். இரண்டுமே நான் கொண்டுவந்த விதிகள். எனக்கு அதில் பெரிய பெருமை.

காற்று குறைந்த ஒரு மாசி மாதத்தில் பழைய இண்டென்ட்களை எடுத்து வைத்துச் சரிபார்த்தேன். தாசையன் குழு வாங்கிப் போன சாமான்களுக்கும் மெஷினில் மாட்டியதாக அவர்கள் எழுதியதற்கும் ஒத்துவரவில்லை. சென்சார், பிரேக் பேட், ஃபியூஸ் எல்லாவற்றிலும் குறைவு. தாசையன் சீனியர் டெக்னீஷியன். ஆரல்வாய்மொழிக்காரர். அதிகம் பேச மாட்டார். பேசாத ஆள் என்பதாலேயே எனக்கு அவர்மேல் சந்தேகம் கூடியது. "தாசையன் குழுவினர் பெறும் உதிரி பாகங்கள் வெளியே போவதாகச் சந்தேகிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் கோயம்புத்தூர்க்காரர்.

"நல்லா கண்டுபுடிச்சீங்க மேடம். சீசன் வரட்டும், ஹெட் ஆபீசுக்குச் சொல்லிப் பாத்துக்கலாமுங்க," என்று டிராயரில் வைத்துக்கொண்டார்.

2. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு

அதே வருடம்தான் டிப்ளமோவும் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் எனக்கு அதில் ஆசையே இல்லை. எனக்கு வேண்டியது எம்.பி.ஏ. அஞ்சல் வழியில் பி.காம். முடித்துப் பதினாறு வருடம் கழித்து நுழைவுத் தேர்வு எழுதித் தோற்றிருந்தேன். விண்ணப்பம் கொடுத்த இடத்தில் ஒருவர், "முதல்ல டிப்ளமோ ஒண்ணு பண்ணுங்க. படிக்கிற பழக்கம் திரும்பி வரும். பொறவு எம்.பி.ஏ. எழுதுனா கிட்டும்," என்றார். கடக்க வேண்டிய ஒரு பாலம் என்ற நினைப்போடுதான் சேர்ந்தேன்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை, நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில். எங்கள் வீடு இரணியலில். ஞாயிறு வகுப்பு என்றதும் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

"ஏட்டி, ஆராதனைய விட்டுட்டு அப்பிடி என்ன படிப்பு? சபையில கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"காலத்த முதல் ஆராதனைக்கு நான் போயிருகேன். நீங்க பிள்ளையளக் கூட்டிட்டு ரெண்டாவதுக்குப் போங்க. சோறு வச்சிட்டுத்தான் போவேன்."

"கொள்ளாம். சோறு வைக்கதுக்கா இப்ப சண்ட?" என்று சிரித்துவிட்டார். அதன் பிறகு ஞாயிறு சமையலை அவரே எடுத்துக்கொண்டார். முதல் இரண்டு மாதம் எங்கள் பிள்ளைகள் பட்டபாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வகுப்பறையை நினைத்தால் இன்றும் மனம் இளகும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. முழங்கால் மேஜையில் இடிக்கும். சுவரில் வாய்ப்பாடு தொங்கும். அதன் அடியில் நின்று ஒருவர் எங்களுக்கு மார்க்கெட்டிங் நடத்துவார். மயிலாடியில் சிற்பக்கூடம் வைத்திருந்தவர், மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க் என்று எல்லோரும் தலை நரைக்கத் தொடங்கியவர்கள். பேனாவில் மை தீர்ந்தால் பக்கத்து ஆளிடம் கேட்கக்கூட வெட்கம்.

என் பக்கத்தில் பிரிஜிட். என்னைவிடப் பத்து வயது இளையவள். கடற்கரை ஊர்க்காரி. மீனை ஐஸ் போட்டு ஏற்றுமதிக்கு அனுப்பும் கம்பெனியில் சூப்பர்வைசர். வகுப்பில் யாரும் கேட்காத கேள்வியை அவள்தான் எழுந்து கேட்பாள்.

டிப்ளமோ முடிக்க ஒரு ப்ராஜெக்ட் எழுத வேண்டும். வேலை செய்யும் இடத்தில் இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய வேண்டும். எனக்குக் கஷ்டமே இல்லை. தாசையன் குழுவின் கணக்கு கையில் தயாராக இருந்தது. தலைப்பு வைத்து, காரணம் 'ஊழியர் நேர்மையின்மை' என்று எழுதி, தீர்வும் எழுதிவிட்டேன். இனி மூன்றாவது கையெழுத்து ஒன்று வேண்டும் என்பதுதான் தீர்வு. பிரிஜிட்டிடம் காட்டினேன். அவள் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யக்கா, நீங்க அங்க போய்ப் பாத்தியளா?"

"எங்க?"

"மெஷின் நிக்க எடத்துல. அவங்க சோலி செய்யத."

"அதெல்லாம் ஃபைல்லயே தெளிவா இருக்கே."

"எங்க கம்பெனியில ஐஸ் போட்டாச்சுன்னு பேப்பர்ல எழுதித்தான் இருக்கும். பெட்டியத் தொறந்து கைய விட்டாத்தான மீனு கெட்டிருக்கா இல்லியான்னு தெரியும்? இந்தா பாருங்க, பத்து நாள் நேர்ல பாத்து எழுதணும்னு இவங்களே போட்டிருக்காங்க."

ப்ராஜெக்ட் விதித்தாளில் அப்படித்தான் இருந்தது. நான் அந்த வரியைத் தாண்டிப் படித்திருந்தேன். மார்க் குறைந்தால் எம்.பி.ஏ. தள்ளிப்போகுமே என்ற பயத்தில்தான் போக முடிவெடுத்தேன். வேறு எந்த நல்ல எண்ணத்திலும் இல்லை.

3. காற்றடியில்

ஆனி மாதம், காற்று உச்சத்தில் இருந்த நேரம். மேனேஜரிடம் அனுமதி வாங்கி, மத்தியானத்துக்கு மேல் தாசையன் குழுவோடு ஜீப்பில் போனேன். ஸ்டோர்ஸ் ஜன்னலை கிளார்க் பார்த்துக்கொண்டார். கடிதம் எழுதியது தாசையனுக்குத் தெரியாது. "படிப்புக்காக வாறாங்க" என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஜீப்பின் முன் சீட்டைத் துடைத்து எனக்குக் கொடுத்தார்.

முதல் நாள் சேலையோடு போய்விட்டேன். ஜீப்பை விட்டு இறங்கியதும் முந்தானை தலைக்கு மேலே பறந்தது. இரண்டு கையாலும் சேலையைப் பிடிப்பதா, தலையில் போட்ட ஹெல்மெட்டைப் பிடிப்பதா என்று தெரியாமல் டவர் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். மறுநாள் முதல் மகளின் சுடிதார்.

பத்து வருடத்துக்கு மேல் அந்த மெஷின்களுக்குச் சாமான் கொடுத்திருக்கிறேன். ஒரு டவருக்குள் நின்றது அன்றுதான் முதல் தடவை. உள்ளே எண்ணெய் வாடையும் வெக்கையும். சுவரோடு ஒட்டிய ஏணி மேலே இருட்டுக்குள் போகும். பெல்ட்டை மாட்டிக்கொண்டு தாசையன் ஏறினால், கொஞ்ச நேரத்தில் அவருடைய பூட்ஸ் சத்தம் மட்டும்தான் கேட்கும். வெளியே ஆடுகள் டவர் நிழலில் படுத்திருக்கும். நிழல் நகர நகர அவையும் எழுந்து நகரும். டீ குடித்தால் மண்ணும் சேர்ந்து வரும். தாசையன் மனைவி கொடுத்துவிடும் மரச்சீனிக் கிழங்கையும் மீன் குழம்பையும் டவருக்குள் உட்கார்ந்து பங்கிட்டுச் சாப்பிடுவோம். தாசையன் எனக்குத் தனியாக ஒரு கரண்டி குழம்பு ஊற்றுவார்.

நான்காவது நாள் ஐந்து மணி தாண்டி இருபது நிமிடம் இருக்கும். நல்ல காற்று. ஒரு மெஷின் நின்றுவிட்டது. சென்சார் போய்விட்டது என்றார் தாசையன். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஸ்டோர்ஸ் சாத்தியிருக்கும். அவரும் என்னைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"மேடம், இத நீங்க பாக்கப்பிடாது. ஆனா மெஷின் நிக்கே."

கண்ட்ரோல் பேனலுக்குப் பின்னால் குனிந்து ஒரு தகரப்பெட்டியை இழுத்தார். திறந்தார். உள்ளே சென்சார், ஃபியூஸ், பிரேக் பேட் எல்லாம் வரிசையாக, துணியில் சுற்றி வைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் நான் கட்டிய அட்டை அப்படியே தொங்கியது. என் கையெழுத்து, நான் போட்ட தேதி.

"இது என்ன தாசையன்?"

"களவு இல்ல மேடம். நீங்க அஞ்சு மணிக்கு ஜன்னல அடச்சிருவிய. காத்து அதுக்குப் பொறவுதான ஏறும்? ரெண்டு கையெழுத்துக்கு ஆளத் தேடி அலைஞ்சிட்டு வாரதுக்குள்ள அன்னைக்குக் காத்து போயிரும். அதுனால ஒண்ணு வேணும்னா ரெண்டா எழுதி வாங்கி, மிச்சத்த இஞ்ச வச்சிருகோம். எல்லா டவர் கூட்டத்துலயும் ஒரு பெட்டி உண்டு."

"ஏன் சொல்லல்ல?"

"எத்தன தடவ சொன்னோம்! நீங்க 'நாளைக்கு வாங்க'ன்னு சொன்னிய."

சொல்லியிருக்கிறேன். ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடத்தில் மெஷின் சுற்ற ஆரம்பித்தது. தாசையன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எடுத்த சென்சாரைப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருந்த தாளில் எழுதினார். என் ரிஜிஸ்டரைவிட அந்தத் தாள் சுத்தமாக இருந்தது.

அப்போதே கடிதத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். மீதி ஆறு நாளும் அவரோடு போனேன், அவர் வீட்டுக் குழம்பைச் சாப்பிட்டேன், சொல்லவில்லை.

4. விசாரணை

பத்து நாளும் முடிந்ததும் மேனேஜரிடம் போய்க் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"போன வாரமே அனுப்பிட்டனுங்களே," என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "மேடம், அசிஸ்டென்ட் மேனேஜருக்கு உங்க பேரு போயிருக்குது. எம்.பி.ஏ.வுக்குக் கம்பெனியே ஸ்பான்சர் பண்ணலாம்னும் பேச்சு இருக்குதுங்க. இப்பப் போயி நாந்தான் தப்பா எழுதிட்டேன்னு சொன்னீங்கன்னா ரெண்டும் போயிரும். பேசாம இருங்க. அவுங்க வந்து விசாரிச்சுக்கட்டும்."

மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். அதை மறைத்து இதை எழுதினால் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிரிஜிட்டிடம் சொன்னபோது அவள் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. "அந்த அண்ணனுக்குப் பிள்ளைய உண்டா யக்கா?" என்று மட்டும் கேட்டாள். மூன்று பேர் உண்டு.

செவ்வாய்க்கிழமை ஹெட் ஆபீசில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். தாசையனைக் கூப்பிட்டு நிறுத்தி, என் கடிதத்தை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் மெதுவாகப் படித்தார். அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆள் மாறிவிட்டதோ என்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பொருளெல்லாம் எங்கே?" என்று கேட்டார்கள்.

தாசையன் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். பத்து நாள் குறிப்பு எழுதிய நோட்டை மேஜையில் வைத்தேன்.

"சாமான் எதுவும் வெளிய போகல்ல. எல்லாம் டவருக்குள்ள இருக்கு. நான் போட்ட விதியாலதான் அவங்க அப்பிடி வச்சிருக்காங்க. எத்தன மணிக்கு எந்த மெஷின் நின்னுது, சாமானுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தாங்கன்னு இதுல எழுதியிருக்கு. நேர்ல பாக்காம அந்த லெட்டர நான் எழுதிட்டேன். தப்பு என்மேல."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர்களில் ஒருவர் நோட்டைப் புரட்டினார். "இது எதற்காக எழுதினீர்கள்?" என்றார்.

"டிப்ளமோவுக்கு சார்."

இரண்டு பேரும் ஜீப்பில் போய் நான்கு டவர்களில் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். அன்று சாயங்காலமே தாசையன் வேலைக்குத் திரும்பினார்.

5. கிடைத்ததும் கிடைக்காததும்

எனக்கு ஒரு மெமோ வந்தது. ஆதாரமில்லாமல் சக ஊழியரைக் குற்றம்சாட்டியதற்காக. அசிஸ்டென்ட் மேனேஜர் பதவி இன்னொருவருக்குப் போனது. ஸ்பான்சர் பேச்சு அதோடு நின்றது. ப்ராஜெக்டை முதல் வரியில் இருந்து திருத்தி எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ஸ்டோர்ஸ் நடைமுறை என்று எழுதினேன். டிப்ளமோ முதல் வகுப்பில் தேறினேன். இரண்டு வருடம் கழித்து என் சொந்த முயற்சியில் எம்.பி.ஏ. சேர்ந்து முடித்தேன். அங்கே பெரிய பெரிய பாடங்கள் படித்தேன். நிறைய உதவின, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றை வைத்துப் பார்க்க ஒரு கண் வேண்டுமே, அது எனக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது.

தகரப்பெட்டிகளை நானே அதிகாரபூர்வமாக்கினேன். சீசனில் ஸ்டோர்ஸ் இரவு எட்டு வரை என்று மாற்றினேன். ஒரு கையெழுத்து போதும் என்றேன். இதெல்லாம் சுலபமாக நடந்தது. தாசையன் என்னோடு பேசுவதுதான் நடக்கவில்லை. இண்டென்ட்டை நீட்டுவார், சாமானை வாங்குவார், போய்விடுவார். அடுத்த காற்று சீசனும் அப்படியே போனது. மன்னிப்புக் கேட்டேன். "செரி மேடம்" என்றார். அவ்வளவுதான்.

எம்.பி.ஏ. முடித்து, ஒருவழியாக எனக்கு அசிஸ்டென்ட் மேனேஜர் பதவி வந்த அன்று ஆபீசில் எல்லோரும் வந்து வாழ்த்தினார்கள். கடைசியாக தாசையன் வந்தார். கை கொடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"லெட்டர் எழுதினதும் நீங்கதான் மேடம். எல்லார் முன்னாலயும் வந்து மாத்திச் சொன்னதும் நீங்கதான். ரெண்டும் எனக்கு ஓர்மை உண்டு."

இரண்டையும் அவர் மறக்கவில்லை; அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. அதுவே எனக்கு நிறைவாகவும் இருந்தது.

நேரே எம்.பி.ஏ. சேரலாமா, முதலில் டிப்ளமோ படிக்கலாமா என்று இப்போது சில பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். எது வசதியோ அதைப் படியுங்கள் என்கிறேன். எதைப் படித்தாலும், ஒரு மனிதரின் பெயரைத் தாளில் எழுதுவதற்கு முன்னால், அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பத்து நாள் நின்று பாருங்கள். நான் கடிதம் எழுதிவிட்டுப் பிறகு போனேன். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு எழுதுங்கள்.