நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் சிவப்பு மை

நாவல் படித்து அழுகிறவர்களைக் கண்டால் கமா மேடத்துக்கு எரிச்சலாக வரும். அந்த அச்சகத்தில் பத்தொன்பது வருஷமாகப் புரூஃப் பார்க்கிறாள். கதையில் யார் செத்தாலும் சரி, மேற்கோள்குறி ஒழுங்காக மூடியிருக்கிறதா என்பதுதான் அவள் கவலை. முதலாளியின் விசிட்டிங் கார்டிலேயே இரண்டு கமா போட்டுத் திருப்பி அனுப்பியவள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்பேர்ப்பட்டவள் மேஜைக்குப் போன வாரம் ஒரு சிரிப்புக் காதல் நாவல் வந்து சேர்ந்தது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தரும் ஒரு பெண். அவளிடம் கற்றுக்கொள்ள வரும் பல் டாக்டர் இன்னொரு பெண். டாக்டரம்மாவுக்கு முதல் நாளே டீச்சரைப் பிடித்துப்போகிறது. லைசென்ஸ் கிடைத்துவிட்டால் வகுப்பு முடிந்துவிடுமே என்று வேண்டுமென்றே நாலு தடவை டெஸ்டில் ஃபெயிலாகிறாள்.

சுத்தப் பேத்தல் என்று முடிவு கட்டினாள் கமா மேடம். மழை வந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே குடைதான் கிடைக்கிறது, ஊரிலிருந்த மற்ற குடையெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது? ஒருத்தி தும்மினால் இன்னொருத்திக்கு நெஞ்சு படபடக்கிறதாம். தும்மலில் என்ன படபடப்பு வேண்டிக் கிடக்கிறது? இவ்வளவு படித்தவள், பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் காரைக் கொண்டுபோய்த் தூணில் இடிக்கிறாள். இப்படியும் ஒரு மக்கு உண்டா?

இத்தனை குறை கண்டவளுக்கு, காதலிப்பது இரண்டு பெண்கள் என்பது மட்டும் ரொம்ப இயல்பாகப் பட்டது. ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதில் அவளுக்குப் பதினோரு வருஷப் பயிற்சி. ஆனாலும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய பக்கங்களை நாலு நாளாக உருட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பவள் உட்கார்ந்திருப்பாள். லேஅவுட்காரி என்பார்கள், வேலைக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. புரூஃப் பார்த்து முடித்ததும் திருத்தங்களை மொத்தமாகக் கட்டி ஒரே தடவையாக அவளிடம் கொடுப்பதுதான் எந்த அச்சகத்திலும் வழக்கம். கமா மேடம் மட்டும் ஐந்தைந்து பக்கமாகத் தூக்கிக்கொண்டு போவாள். கேட்டால், "வேலை தேங்கக் கூடாது பாருங்க" என்பாள். இருநூறு பக்கப் புத்தகத்துக்கு நாற்பது நடை. முட்டி வலி என்று டாக்டரிடம் போனபோது, "நிறைய நடப்பீங்களோ?" என்று கேட்டார். "ஆபீஸ்ல கொஞ்சம்" என்றாள்.

அந்த லேஅவுட்காரி இந்தச் சனிக்கிழமையோடு வேலையை விடுகிறாள். மூன்று மணி நேர பஸ் தூரத்தில் ஒரு பெரிய பதிப்பகத்தில் இடம் கிடைத்துவிட்டது. அவளே வந்து அதைச் சொன்னாள். ஐந்தைந்து பக்கமாக நடந்ததெல்லாம் காதல்தான் என்று அன்றைக்குத்தான் கமா மேடம் தனக்குள்ளேயே ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டு என்ன கிழித்தாள்? "அங்க கேன்டீன் இருக்கா?" என்று கேட்டாள்.

அச்சகத்தில் ஒரு விதி உண்டு. சிவப்புப் பேனாவில் எழுதினால் அது திருத்தம், லேஅவுட்காரி மறுபேச்சில்லாமல் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். பென்சிலில் எழுதினால் அது ஆசிரியருக்கான கேள்வி, ஏற்றக் கூடாது. இந்த விதியைப் போட்ட மகராசியே கமா மேடம்தான்.

வியாழக்கிழமை நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம் வந்தது. டீச்சர் ஊரைவிட்டுப் போகப் பெட்டியோடு நிற்கிறாள். டாக்டரம்மா அவளைப் பார்த்து, "டயர்ல காத்து செக் பண்ணிட்டீங்களா?" என்கிறாள். கமா மேடத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேன்டீன் விசாரித்தவளுக்குக் கோபப்பட என்ன அருகதை? ஆனாலும் பக்க ஓரத்தில் விறுவிறுவென்று எழுதினாள்:

"போகாதேன்னு சொல்லித் தொலையேன்டி, மக்கு! நானும் உன்னை மாதிரிதான். பதினோரு வருஷமா அஞ்சஞ்சு பக்கமாத் தூக்கிக்கிட்டு அவகிட்ட நடக்குறேன். சனிக்கிழமைக்கு அப்புறம் யாரைப் பாக்க நடப்பேன்?"

எழுதியதும் மூக்கைச் சிந்திக்கொண்டாள். அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் முதலாளி கூப்பிட்டார். பேசிவிட்டு வந்தவள், பழக்கதோஷத்தில் அந்த ஐந்து பக்கத்தையும் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பரவாயில்லை, பென்சில்தானே, போய் வாங்கி அழித்துவிடலாம் என்று ரப்பரைத் தேடினாள். பென்சில் டப்பாவிலேயே இருந்தது. முனைகூடச் சீவியிருக்கவில்லை. ஐயையோ என்று போட்டது போட்டபடி பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அரை மணி கழித்து வெளியே வந்தால், மேஜை பக்கத்தில் லேஅவுட்காரி நிற்கிறாள். கையில் ஒரே ஒரு தாள். டயர் காற்றுக்கு அடுத்த வரியில் கமா மேடத்தின் புலம்பல் முழுசும் ஏறியிருந்தது, அதே எழுத்துருவில், அழகாகப் பத்தி பிரித்து. மானம் போகிற நேரத்திலும் அவள் கண் பாழாய்ப்போன ஒரு கமா விட்டுப்போனதைத்தான் முதலில் பார்த்தது.

"சிவப்புல இருந்துச்சு. ஏத்திட்டேன்" என்றாள் லேஅவுட்காரி.

"அது வந்து... ஆசிரியருக்கு எழுதினது."

"ஏன், ஆசிரியரா அஞ்சஞ்சு பக்கமா நடக்குறாரு?"

"எடுத்துடுங்க. தெரியாம..."

"பொய்னா சொல்லுங்க, எடுத்துடுறேன்."

 "பொய் இல்ல" என்றாள் கமா மேடம். அப்புறம் எங்கிருந்துதான் வந்ததோ, "போகாதீங்க" என்றும் சொல்லிவிட்டாள்.

லேஅவுட்காரியின் கண் கலங்கிவிட்டது. "போன மாசம் சொல்லியிருந்தா கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன். இப்ப போய்த்தான் ஆகணும், கமா." பேரோடு ஒட்டியிருந்த 'மேடம்' என்பதைக் காணோம். "என் மேஜைகிட்ட ரெண்டாவது நாற்காலி எதுக்குக் கிடந்துச்சுன்னு நினைச்சீங்க? ஒரு நாளாவது உக்காந்தீங்களா? பக்கத்தைக் குடுத்துட்டு ஓடிடுவீங்க."

பதினோரு வருஷமாக அந்த நாற்காலியில் இடித்துக்கொள்ளாமல் சுற்றிப் போனதுதான் கமா மேடத்துக்கு ஞாபகம் வந்தது. 

"ஞாயித்துக்கிழமை பஸ் ஏறுறேன். சாமான் இறக்கி வைக்க இன்னொரு கை வேணும்" என்றாள் லேஅவுட்காரி. "வர்றீங்களா? இல்ல, அதையும் யோசிக்க இன்னும் பதினோரு வருஷமா?"

முட்டி வலி, கூட இருக்கிற தங்கை, முடிக்காத நாவல் என்று எல்லாச் சாக்கும் கமா மேடத்தின் வாய்வரை வந்து வரிசை கட்டி நின்றன.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.