ஷத்லியா போட்டுப் பார்த்த இயர்போன்

மொக்னீன் ஊரிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஷத்லியா திங்கட்கிழமை மட்டும் உட்காரமாட்டாள். டிரைவர் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நிற்பாள். மற்ற நாளெல்லாம் ஏறியதும் குறட்டை விடுகிறவள்தான். திங்கட்கிழமை அவள் தீர்ப்புச் சொல்லும் நாள்.

தீர்ப்பு என்றால் பெரிய விஷயமில்லை, ஏழு தினார் இயர்போன். ஜீன்ஸ் தைக்கிற எங்கள் வரிசையில் இருபத்தாறு பெண்கள். ஒவ்வொருத்திக்கும் காதில் ஒன்று வேண்டும், அதுவும் வயர் வைத்தது. வயர் இல்லாதது முக்காட்டைச் சரிசெய்யும்போது நழுவி, தைத்த துணியோடு போய், இத்தாலியில் யாரோ ஒருவனின் பேன்ட் பையில் கிடக்கும். வயர் வைத்தது முக்காட்டுக்குள் அடங்கிக் கிடக்கும். ஆனால் மலிவுச் சாமானாயிற்றே. ஒன்று பத்து நாளில் ஊமையாகும், ஒன்று காதைப் புண்ணாக்கும். ஒரே மாதத்தில் மூன்றைத் தூக்கிப்போட்ட கோபத்தில்தான் ஷத்லியா இந்த வேலையைக் கையில் எடுத்தாள். சந்தைக்கு எது புதிதாக வந்தாலும் முதலில் அவள் வாங்குவாள், ஒரு வாரம் போட்டுப் பார்ப்பாள், திங்கட்கிழமை சொல்வாள். பிறகுதான் நாங்கள் காசை எடுப்போம்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. இருபத்திரண்டில் வந்து உட்கார்ந்தவள், அதே இருக்கை, ஜீன்ஸ் காலுக்கு அதே வெளித்தையல். கல்யாணம் இரண்டு முறை பேசி இரண்டு முறையும் நின்றுபோனது. கேட்டால், “ரெண்டும் தேறல” என்பாள். தம்பி வீட்டு மாடியில் சொந்தக் காசில் ஓர் அறை கட்டியிருக்கிறாள். அந்த வீட்டில் அவள் பேச்சு எடுபடாது. டீவி சத்தத்தை இவள் கூட்டச் சொல்ல, தம்பி மனைவியோடு தினம் ஒரு சண்டை. அவள் சொன்னால் சொன்னதுதான் என்று இருந்த ஒரே இடம் எங்கள் பஸ். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் ஒரு இயர்போனுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வாள்.

வயர் முக்காட்டில் உரசிச் சரசரக்கிறதா, ஏப்ரன் பைக்குள் போனில் செருகும் பின் முனை ஆடிப்போகிறதா, நாலு மணி நேரத்தில் காது வலிக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பாள். ஸ்ஃபாக்ஸில் இருக்கும் தங்கை நஸீஹாவுக்கு மெஷின் பக்கத்திலிருந்தே போன் போட்டு, “நான் சத்தமா, மெஷின் சத்தமா?” என்று கேட்பாள். கடைசியில் பாட்டு. நஸீஹாவின் கல்யாணத்தில் அத்தைமார்கள் பாடியதைப் போனில் பதிந்து வைத்திருக்கிறாள். அதில் ஒரு தர்பூக்கா மத்தளம், விளிம்பில் பித்தளைத் தகடு கோத்த ஒரு கைப்பறை. கைதட்டலுக்கு நடுவே தகடு தனியாகக் கலகலக்க வேண்டும். அதுதான் அவள் அளவுகோல்.

வேலை நேரத்தில் வலது காதில் மட்டும்தான் போடலாம். நடைபாதை எங்களுக்கு இடது பக்கம். சூப்பர்வைசர் ரிதா அங்கே நின்றுதான் கத்துவார். இடது காது ரிதாவுக்கு, வலது காது நமக்கு என்று சொல்லிச் சிரிப்போம். இரண்டு காதிலும் போட்டுக் கேட்பது பஸ்ஸிலும் வீட்டிலும்தான்.

போன மார்ச் மாதம் சந்தைக்கடை நூரி, தட்டை வயர் வைத்த ஒரு கறுப்பு இயர்போனை எங்களை நம்பி ஒரு பெட்டி நிறைய இறக்கினான். ஷத்லியா ஒரு வாரம் போட்டுவிட்டு பஸ்ஸில் நின்றாள்.

“வயர் தேறும். பின் தேறும். காது வலிக்கல. வலது பக்கம் இருக்கே, இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு நான் கேட்டதே இல்ல. இடது தேறாது. தாளம் கேக்குது, தகடு கேக்கல.”

“அது ஒண்ணு அப்படி அமைஞ்சிருக்கும்க்கா,” என்றேன்.

“நாலு வாங்கிப் பாத்தேன்டி. நாலும் அப்படித்தான்.”

நாங்களும் அவளுடையதையே கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தோம். இடது பக்கம் எனக்கும் மந்தமாகத்தான் இருந்தது. பழைய இயர்போன்களில் இரண்டு பக்கமும் தகரடப்பா மாதிரி இருக்கும், தகடாவது ஒன்றாவது. இதில் வலது அவ்வளவு துல்லியமாக இருந்ததால் இடது மாட்டிக்கொண்டது. ஒருத்தியும் வாங்கவில்லை. பக்கத்து வரிசைக்கும் பேச்சுப் பரவியது.

மூன்று வாரம் கழித்து நூரி மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டான். அங்கே ஸல்ஹா அம்மா பொரித்த ரொட்டிக்குள் டூனா மீனும் ஹரீசா மிளகாய் விழுதும் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? எனக்கு ரெண்டு பக்கமும் நல்லாத்தானே கேக்குது!” என்றான்.

“நீ விக்கிறவன். உனக்குக் கேக்காம இருக்குமா?” என்றாள் ஷத்லியா. நாங்கள் சிரித்தோம்.

ஸல்ஹா அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். “கடை முன்னாடி சண்டை வேணாம். குடுங்கடி இங்க.” இரண்டு காதிலும் செருகிக்கொண்டு கண்ணை மூடித் தலையாட்டினாள். “யார் வீட்டுக் கல்யாணம் இது? தகடு கலகலங்குதே! எந்தப் பக்கம் கேக்கலங்கற?”

“இடது.”

“இடதுலயும்தான் கலகலங்குது. எனக்கு அறுபத்தாறு வயசு. உனக்கு என்னடி கேடு?”

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். ஷத்லியா சிரிக்கவில்லை. அந்த மாதிரி இயர்போன் வளைவாக இருக்கும், ஒரு காதுக்கு உள்ளது மறு காதில் உட்காராது. அவள் வலது துண்டைத் தலைகீழாக இடது காதில் அழுத்தி, விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. பிறகு வயரைச் சுருட்டி நூரியிடம், “திங்கக்கிழமை சொல்றேன் தம்பி,” என்றாள்.

உள்ளே போகும்போது கேட்டேன். “என்னக்கா?”

“நல்ல பக்கத்தைப் போட்டும் தகடு இல்லடி.”

அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். “யார்கிட்டயும் சொல்லாதக்கா. நூரி வேற சாமான் கொண்டுவருவான், எல்லாரும் மறந்துருவாங்க. காது போச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் நீ சொல்றதை யார் கேப்பா?”

“நல்ல சாமானைக் கெட்டதுன்னு சொல்லியிருக்கேனே.”

அவளுக்காகத்தான் பேசினேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பொய். எனக்கும்தானே இடது பக்கம் மந்தம், எனக்காகவும்தான் பயந்தேன்.

திங்கட்கிழமை அவள் டிரைவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வயர் தேறும். பின் தேறும். வலது தேறும். இடதும் தேறும். போன தடவை நான் சொன்னது தப்பு. நூரி மேல குத்தமில்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “என் வலது காது தேறும். இடது காது தேறாது.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். பின் சீட்டிலிருந்து தலெந்தா கேட்டாள். “நாங்களும்தானேக்கா போட்டுப் பாத்தோம்? எங்களுக்கும் கேக்கலையே?”

“அதைத்தான்டி சொல்ல வரேன்,” என்றாள் ஷத்லியா. போனையும் இயர்போனையும் முதல் சீட்டில் கொடுத்தாள். “வலது துண்டை இடது காதுல வெச்சு விரலால அழுத்திப் பிடி. அப்புறம் அடுத்தவகிட்ட குடு.”

யாரும் கேட்காமலே டிரைவர் ரேடியோவை நிறுத்தினார். இயர்போன் சீட் சீட்டாக வந்தது. இருபத்தாறு பேரில் ஐந்து பேருக்குக் கேட்டது. ஐவரும் புதிதாகச் சேர்ந்தவர்கள், ரிதாவுக்காகத் திறந்து வைத்த இடது காதில் வருடக்கணக்காக மெஷின் சத்தம் வாங்காதவர்கள். “கேக்குது” என்று ஏதோ தப்பு செய்தவர்களைப் போலச் சொன்னார்கள். எனக்குப் பதினேழு வருட சர்வீஸ். அத்தைமார்கள் பாடினார்கள், மத்தளம் அடித்தது, கை தட்டினார்கள். விரல் வலிக்க அழுத்தினேன்.

“எனக்கும் இல்ல,” என்றேன்.

“சத்தமா சொல்லுடி,” என்றாள் ஷத்லியா. “என் இடது காது உன் பக்கம் இருக்கு, கேக்கல.”

அன்று வேலை தொடங்கியதும் அவள் இயர்போனை இடது காதில் போட்டுக்கொண்டாள், மிச்சமிருக்கும் வலது காதும் மெஷின் சத்தத்தில் கெடாதபடி அதில் பஞ்சு. நாங்கள் ஒவ்வொருத்தியாக அப்படியே செய்தோம். பத்து மணிவாக்கில் ரிதா நடைபாதையில் நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். ஒருத்தியும் திரும்பவில்லை.