அணையில் விட்ட இடம்

என் கணவர் அணையை “அவ” என்றுதான் சொல்வார். “இன்னைக்கு அவ அரை அடி ஏறிட்டா”, “இவ்வளவு மழைக்கும் அவ அசையல” என்று அவர் போனில் பேசுவதைக் கேட்டால் விவரம் தெரியாதவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள். விவரம் தெரிந்த எனக்கே அது அவ்வளவு நன்றாக இல்லை.

மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அந்த அணையில் அவர் இன்ஜினியர். அங்கே திறக்கும் தண்ணீர் தாமிரபரணியில் இறங்கி, வயலுக்கும் குளத்துக்கும் போக மிஞ்சியது எங்கள் ஊருக்குத் தெற்கே கடலில் சேரும். தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அந்த ஆற்றுத் தண்ணீர்தான். நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வேலைக்காக வீடு இங்கே. அவர் அணைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டு சனிக்கிழமைகளில் வருவார். மழைக்காலத்தில் அந்தச் சனிக்கிழமையும் கிடையாது.

மகள் பிறந்து நான் லீவில் இருந்தபோதுதான் இந்தப் பொறாமை எனக்குள் முற்றியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “இரு, மலையில இருந்து கூப்பிடுதாவ” என்று வைத்துவிடுவார். மகளின் எடை என்ன என்று கேட்டால் யோசிப்பார். அணையின் மட்டத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு சுவரைப் பார்த்தும் அதன் பின்னால் கிடக்கும் தண்ணீரைப் பார்த்தும் பொறாமைப்படுகிறோமே, படித்தவள்தானா நான் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். கேட்டுக்கொண்டே பொறாமையும் படுவேன்.

மகள் பிறப்பதற்கு முந்தின டிசம்பரில் வந்த வெள்ளத்தை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க முடியாது. ஊரில் பெய்த மழையே எங்களை மூழ்கடிக்கப் போதுமானதாக இருந்தது. ஆறும் சேர்ந்துகொண்டது. வயிற்றில் பிள்ளையோடு எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்து, எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் தெருவில் மிதந்து போவதைப் பார்த்தேன். அவர் அணையில் இருந்தார். போன் கிடைக்கவில்லை. “நிரம்பி நிக்கிற அணைக்கு மேல மேல வந்தா, வாரத அப்படியே கீழ விடத்தான் முடியும். பிடிச்சு வைக்க இடம் வேணுமே” என்று பிறகு ஒரு நாள் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அணையை வேறு முறையில் நடத்திப் பார்ப்பது என்று முடிவானது. அதுவரை இருந்த வழக்கம் எளிமையானது. ஐப்பசியில் மழை தொடங்கியதும் வந்த தண்ணீரையெல்லாம் பிடித்து வைத்து, சீக்கிரம் நிரப்பிவிட வேண்டும். மழைக்கால விதைப்பான பிசான நெல்லும் கோடைக்காலக் குடிநீரும் அதை நம்பித்தான் இருக்கின்றன. அணை நிரம்பினால் ஷட்டர் பக்கம் நின்று பூத்தூவுவார்கள். புதிய முறையில், வரைபடத்தில் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் ஒரு கோடு உண்டு. பெருமழை வரக்கூடிய வாரங்களில் மட்டம் அந்தக் கோட்டைத் தாண்டாமல், மேலே இடம் விட்டு வைக்க வேண்டும். வானிலை அறிவிப்பையும் மலை மழையையும் பார்த்துக் கோட்டை ஏற்றலாம், இறக்கலாம். மழைக்காலம் முடியப் போகும்போதுதான் அணையை நிரப்ப வேண்டும். கடைசி மழை ஏமாற்றிவிட்டால் கோடையில் ஊரே திட்டும்.

அந்தக் கோட்டைப் போட்டது என் கணவர் மட்டும் அல்ல. அவருக்குக் கீழே புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணும் சேர்ந்துதான் போட்டாள். சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளை, என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஒரு சனிக்கிழமை இருவரும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பழைய வருஷங்களின் மழையை ஒவ்வொன்றாகக் கணக்கில் போட்டு, இந்தக் கோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தார்கள். ஏதோ ஒரு வருஷத்து எண்ணைப் பார்த்து இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். ஒரு எண்ணைப் பார்த்துச் சிரிப்பது எனக்கும் தெரிந்த சுகம்தான். அந்தச் சிரிப்பில் நான் இல்லை.

டீ கொண்டுபோய் வைத்தபோது அவள் நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். “அக்கா, நீங்க மேத்ஸ்தான? இந்த இடத்துல கோடு ரொம்பச் சாயுதோன்னு சந்தேகமா இருக்கு. ஒரு பார்வை பாருங்களேன்.”

“அடுப்புல பால் இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பால் இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன், உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று அணைத்த அடுப்பின் முன்னால் நின்று யோசித்தேன். அவர்கள் போன பிறகு, அவர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்த அந்தக் கோட்டைத் தினமும் துணி எடுக்கும்போது பார்த்தேன். சாய்வு சரியாகத்தான் இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

கார்த்திகையில் வானம் ஏமாற்றத் தொடங்கியது. வெயில் அடித்தது. அணையில் கோட்டுக்கு மேலே வந்த தண்ணீரை ஆற்றில் விட்டார்கள் என்ற செய்தி ஊருக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவின் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. வெள்ளத்தில் என்னைத் தன் மாடியில் வைத்துக் காப்பாற்றியவள் என்பதால் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. குழாயில் தண்ணீர் வந்த ஒரு காலை, குடத்தோடு வாசலில் நின்றாள்.

“ஏளா, ஒம் மாப்பிள அணையில இடம் விட்டு வச்சிருக்காராமே. நெசமா?”

“ஆமாக்கா. வெள்ளம் வந்தா பிடிக்கதுக்கு.”

“பிடிக்கட்டும், பிடிக்கட்டும். கோடையில தண்ணி வரலன்னா எங்க காலிக் குடத்தையெல்லாம் கொண்டு அந்த இடத்துல அடுக்கி வைக்கோம். இடமாவது நிறையட்டும்.”

நானும் சிரித்துவிட்டேன். அன்று மாலை போனில் அவரிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “விவசாயிங்க கூட்டத்துல வயக்காரவுகளும் இதத்தான் கேக்காவ. நான் என்ன சொல்ல? மழை வரும்னு சொல்லவா, வராதுன்னு சொல்லவா?” என்றார்.

மகளின் ஞானஸ்நானம் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் தகப்பன்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், பெயரைச் சொல்லி, சபைப் போதகரான ஐயர் கையில் கொடுக்க வேண்டும். என் அப்பா என்னைக் கொடுத்தார், தாத்தா அப்பாவைக் கொடுத்தார். இவரும் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாரம் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டது. வெள்ளிக்கிழமையே சொந்தக்காரர்கள் வந்து இறங்கிய வீட்டில், என் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்கள்: “அவன் வர மாட்டான். சின்னவன் கொடுக்கட்டும். அவனும் சித்தப்பன்தான?”

“அவுக வருவாவ, அத்த.”

“மழைக்கு நடுவுல அணைய விட்டுட்டா? போன வருஷம் வந்தானா?”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அலமாரியைத் திறந்து அந்தக் கோட்டின் முன் நின்றேன். போன வருஷம் அணை நிரம்பி நின்றது. ஷட்டரை விட்டு ஒரு ஆள் நகர முடியாது. இந்த வருஷம் இடம் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

சனிக்கிழமை காலை அவரை அழைத்தேன். அங்கே மழை கொட்டுகிற சத்தம் கேட்டது.

“வருவியளான்னு கேக்கல” என்றேன். “இடம் எவ்வளவு இருக்கு? தண்ணி வரத்து என்ன வேகத்துல ஏறுது?”

“எதுக்குக் கேக்க?” என்றார். நான் அப்படிக் கேட்டதே இல்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மனதில் பெருக்கிப் பார்த்தேன். சந்தேகம் வந்து, பால் கணக்குக் காலண்டரின் ஓரத்தில் எழுதியும் பார்த்தேன். “மழை இதே மாதிரி பெய்ஞ்சாலும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பிடிக்கும்லா? கீழ கொஞ்சம் விட்டுட்டே இருந்தா இன்னும் தாங்கும்” என்றேன்.

“பிடிக்கும். ஆனா வரத்து ரெண்டு பங்கா ஏறிட்டுன்னா?” என்றார். பிறகு, “பெரிய சார்ட்ட கேட்டுப் பாக்கேன்” என்று வைத்துவிட்டார்.

ரெண்டு பங்கானால் என்ன என்பதை நான் பார்க்கவே இல்லை. நான் சொன்னதை நம்பி அவர் கிளம்பி, அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? திரும்ப அழைத்து “வர வேண்டாம்” என்று சொல்லப் போனை எடுத்தேன். வைத்தேன். அன்று முழுவதும் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

ஞாயிறு காலை இங்கேயும் மழை. சபைக் கோயில் வாசலில் ஒரே குடையும் செருப்பும் சேறும். கொழுந்தன் புதுச் சட்டையில் தயாராக நின்றான். இரண்டாவது பாட்டுப் பாடும்போது பக்கவாசல் வழியாக என் கணவர் வந்தார். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. தாடி எடுக்கவில்லை. பிள்ளைக்குக் கையை நீட்டினார். அவள் அழுதாள், அப்பாவை அடையாளம் தெரியவில்லை. நான் பிள்ளையைக் கொடுக்கும்போது, அவர் தன் சட்டைப்பையில் இருந்த போனை என்னிடம் கொடுத்தார்.

அவர் பெயரைச் சொன்னதையும், ஐயர் பிள்ளையை வாங்கியதையும், தலையில் தண்ணீர் பட்டதும் அவள் திகைத்து அழுகையை நிறுத்தியதையும் பார்த்தேன். உடனே என் கையில் போன் அதிர்ந்தது. அந்தப் பெண்ணின் பெயர். வராந்தாவுக்கு ஓடினேன்.

“நான்தான் பேசுதேன்” என்றேன்.

“அக்கா, ஞானஸ்நானம் ஆயிட்டா? சார் கரெக்டா வந்துட்டாவளா?” மழைக்கு மேலே கத்தினாள். “சார் போகவே மாட்டேன்னாவ. ரெண்டு பங்கா ஏறினாலும் மத்தியானம் வரைக்கும் தாங்கும், நான் நிக்கேன், போங்கன்னு பெரிய சார்ட்ட சொல்லி நான்தான் அனுப்பி வச்சேன்.”

அப்படியானால் என் கணக்கு? வாய்வரை வந்ததை விழுங்கினேன். “இப்ப எப்படி இருக்கு?”

சொன்னாள். வரத்து நேற்றைவிட ஏறியிருந்தது. சாயங்காலம் வரை என்று நான் போட்டது இனி நிற்காது. தூணில் சாய்ந்து மறுபடி மனதில் போட்டேன். இங்கிருந்து அணைக்குப் போகும் நேரத்தையும் கழித்தேன். “சாப்பிட்டுட்டு உடனே கிளம்பினா சரியா இருக்கும்லா?”

“அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன், அக்கா” என்றாள் அவள். “சாப்பிடாம வந்துறப் போறாவன்னு.”

எல்லாவற்றிலும் எனக்கு ஒரு அடி முன்னால் நின்றாள். அந்த வருஷம் மார்கழிக் கடைசியில் அணை நிரம்பியது, எதிர்வீட்டு அக்காவின் குடங்களும் கோடையில் நிரம்பின என்பதெல்லாம் பிறகு நடந்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் மகளை அவள் அப்பா கையால் கொடுக்க முடிந்தது அணையில் இருந்த அந்தக் காலி இடத்தால்தான். அதைப் பார்த்துக்கொண்டு அங்கே மழையில் நின்றவள் அவள்.

வீட்டில் அவர் அவசரமாகப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் ஒரு தூக்குச்சட்டியில் அவளுக்கும் போட்டேன். எலும்போடு நல்ல கறித்துண்டாகப் பார்த்து நாலு வைத்தேன். இது கொஞ்சம் அதிகமோ என்று ஒன்றை எடுத்தேன். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த துண்டைத் திரும்ப வைத்து, மூடியை அழுத்தி, அவர் கையில் கொடுத்தேன்.